ரோபோவுக்கும் கை நடுங்கும்

பள்ளியில் ஸ்கேலை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டு 'டர்ர்ர்' என்று சத்தம் எழுப்பித் திட்டு வாங்காதவர்கள் யாராவது உண்டா? வேகமான தொழிற்சாலை ரோபோக்களின் தலைவலியும் அதே 'டர்ர்ர்'தான்.

ரோபோவின் கை விருட்டென்று போய் நிற்கும். மோட்டார் நின்றாலும் நுனி ஆடிக்கொண்டிருக்கும். ஆட்டம் அடங்கும்வரை பொருளை எடுக்கவோ வைக்கவோ முடியாது. நிமிடத்துக்கு 60 பொருள் எடுக்கும் ரோபோ ஒவ்வொரு முறையும் 0.1 நொடி காத்திருந்தால், நிமிடத்துக்கு 6 நொடி வீண். கையைத் தடிமனாக்கலாம். ஆனால் எடை கூடும், பெரிய மோட்டார் வேண்டும்.

இங்கேதான் 'ஸ்மார்ட் மெட்டீரியல்' வருகிறது. அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகங்களை 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்னழுத்தம் கொடுத்தால் அவை நீளும், சுருங்கும் என்பது அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. இந்தக் குணமுள்ள பீங்கான் வில்லைகளைக் கையில் ஒட்டினால், ஒன்று ஆட்டத்தை உணரும், இன்னொன்று எதிர்த்திசையில் இழுத்து அடக்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? அதனால்தான் எங்களைப் போன்ற இன்ஜினியரிங் மாணவர்கள் அலுமினியப் பட்டையை வைஸில் இறுக்கி, அடிப்பக்கம் ஒரு வில்லையை ஒட்டி, 'ரோபோ கை' என்று ப்ராஜெக்ட் செய்ய ஆசைப்படுகிறோம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. இப்போது இல்லை.

பொத்தேரியிலிருந்து ஒரகடமும் இருங்காட்டுக்கோட்டையும் அதிக தூரமில்லை. அந்த வட்டாரத்துக் கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் செய்யும் ஆறு அச்சு ரோபோவின் கை மெல்லிய பட்டை அல்ல, கனமான வார்ப்பு. அதன் நடுக்கம் பெரும்பாலும் மூட்டுகளில் இருக்கும் கியர்களின் நெகிழ்விலிருந்து வருகிறது. அங்கே கையில் வில்லை ஒட்டுவது, முழங்கால் வலிக்குத் தொடையில் பிளாஸ்திரி போடுவது மாதிரி.

இதற்கு ஒட்டு வேலையே இல்லாத வைத்தியம் ஒன்று உண்டு. 1990-இல் எம்.ஐ.டி.யின் சிங்கரும் சீரிங்கும் விளக்கியது. 'நகரு' என்ற கட்டளையை இரண்டாகப் பிரித்து, இரண்டாவது பாதியை அரை அலைவு நேரம் தள்ளிக் கொடுப்பது. முதல் பாதி கிளப்பும் ஆட்டத்தை இரண்டாவது பாதி அழித்துவிடும். நொடிக்கு 10 முறை ஆடும் கைக்கு 0.05 நொடி தாமதம்தான் விலை.

அப்படியானால் வில்லை வீணா? இல்லை. 1985-இல் சுவிட்சர்லாந்தில் கிளாவல் உருவாக்கிய டெல்டா ரோபோ மாதிரி, வேகத்துக்காகக் கையை இளைக்கவைத்த ரோபோக்களில் கையே வளையும். வில்லைக்கு அங்கேதான் வேலை.

என்னைக் கேட்டால் வரிசை இதுதான்: முதலில் எங்கே ஆடுகிறது என்று அளக்க வேண்டும். பிறகு கட்டளையைத் திருத்த வேண்டும். அதற்கும் அடங்காத ஆட்டத்துக்குத்தான் வில்லை. பொருள் ஸ்மார்ட்டாக இருந்தால் மட்டும் போதாது. ஆகவே நண்பர்களே, பசையைத் திறக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: ஆடுவது கையா, மூட்டா?