கொரியாக்காரர் தின்றால் ஸ்டைலு, நம்மாளு தின்றால் நாத்தமா?



நம் பள்ளியில் இப்போது ஒரு காய்ச்சல் அடிக்கிறது. மலேரியாவும் இல்லை, டெங்குவும் இல்லை. கொரியக் காய்ச்சல்! நோட்டு அட்டையைத் திருப்பினால் பி.டி.எஸ். பாட்டுக்காரர்கள் படம். வீட்டில் செல்போன் கிடைத்தால் டப்பிங் செய்த கொரிய நாடகம். நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு பாக்கெட் கொரிய நூடுல்ஸ் வாங்கி, நாலு பேர் பங்கு போட்டு, காரம் தாங்காமல் மூக்கு ஒழுக ஒழுகத் தின்றுவிட்டு "சூப்பர்" என்கிறோம். இதில் தப்பு எதுவும் இல்லை. எனக்கும் பிடிக்கும்.

ஆனால் அதே நாம்தான், பக்கத்தில் இருப்பவள் டிபன் பாக்ஸைத் திறந்ததும், "ஏட்டி, மூடுட்டி, கருவாட்டு நாத்தம் தாங்கல!" என்று மூக்கைப் பொத்துகிறோம். எங்கள் வகுப்பில் இரண்டு பேர் இப்படிக் கேலிக்குப் பயந்து வெறும் சத்துணவோடு நிறுத்திக்கொண்டார்கள். வீட்டிலிருந்து தொட்டுக்கொள்ள எதுவும் கொண்டுவருவதில்லை. இது நியாயமா என்பதுதான் என் கேள்வி.

முதலில், கொரியாக்காரர்கள் நிஜமாகவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம். நான் டி.வி. பார்த்துச் சொல்லவில்லை. என் பெரியம்மா மகன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். கோடை லீவுக்குப் போனபோது அண்ணனும் மதினியும் எங்களை ஒரு சின்னக் கொரியச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார்கள். அந்தப் பக்கம் இப்படிக் கடைகள் வந்ததற்குக் காரணம் உண்டு. 1996இல் கொரியாவின் ஹூண்டாய் கார் கம்பெனி இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. கூடவே வேறு கொரியக் கம்பெனிகளும் வந்தன. இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். வந்தவர்களுக்கு வாய்க்கு ருசியாக வீட்டுச் சாப்பாடு வேண்டுமே! அதற்காக முளைத்தவைதான் இந்தக் கடைகள். நமக்குப் புரோட்டாக் கடை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. வேலை முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்து உட்கார்ந்து தின்றுவிட்டுப் போகிற கடை.

உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஏழெட்டுச் சின்னக் கிண்ணம் வந்தது. அதற்கு 'பாஞ்சான்' என்று பெயர். நம் இலையில் கூட்டு, பொரியல், ஊறுகாய் வைப்பதுபோல. அதற்குத் தனிக் காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடியும் வைக்கிறார்கள். கரண்டி, குச்சி எல்லாம் நம்ம வீட்டு எவர்சில்வர்! சோற்றைக் குச்சியால் அல்ல, கரண்டியால்தான் தின்கிறார்கள். வீட்டில் பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் சின்னவர் எடுக்க வேண்டும் என்பது அவர்கள் மரியாதையாம்.

அந்தக் கிண்ணங்களில் ஒன்றில் பளபளவென்று ஏதோ இருந்தது. அப்பா ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "ஏட்டி, இது நம்ம நெத்திலிக் கருவாடுல்லா!" என்றார். ஆமாம், காய்ந்த நெத்திலிதான்! சோயா சாறும் இனிப்புப் பாகும் விட்டு வறுத்து, எள் தூவி வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'மியோல்ச்சி பொக்கும்'. கொரியாவில் முன்பெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் டப்பாவில் கொண்டுபோன சாதாரணத் தொடுகறி அது.

குழம்பும் அப்படித்தான். காய்ந்த நெத்திலியையும் கடல்பாசியையும் கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீர்தான் அவர்களின் பல சூப்புகளுக்கு அடிப்படை. நாடகத்தில் கதாநாயகி கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்று குடிக்கிறாளே, அதில் இருப்பது கருவாட்டு வாசம்தான். டி.வி.யில் வாசம் வராது. அதனால் நமக்குத் தெரியவில்லை!

கிம்ச்சியை எடுத்துக்கொள்வோம். முட்டைக்கோஸ் வகைக் கீரையை உப்பில் போட்டு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, கூடவே உப்பில் ஊறிய நெத்திலியோ கூனி இறாலோ சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். அது நாறும். நாறாது என்று அவர்களே சொல்லமாட்டார்கள். அதனால்தான் கொரிய வீடுகளில் கிம்ச்சிக்கென்றே தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்துக்கு முன் ஊரே கூடிக் கிம்ச்சி போட்டுப் பங்கிடும் அந்தப் பழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ உலகப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. இன்னொன்று கேளுங்கள். அங்கே ஜொல்லா என்ற தென்மேற்குப் பகுதியில் திருக்கை வகை மீனைப் புளிக்க வைத்துத் தின்கிறார்கள். மூக்கில் அம்மோனியா ஏறுகிற வாடை அடிக்குமாம். கல்யாண வீட்டு விருந்திலேயே அதை வைக்கிறார்கள். வாடைக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்களே தவிர, வாடைக்காக வெட்கப்படவில்லை.

கிம்ச்சியின் சிவப்புக்கும் நம் மீன்குழம்பின் சிவப்புக்கும் காரணம் மிளகாய். அது நமக்கும் சொந்தமில்லை, அவர்களுக்கும் சொந்தமில்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் இந்தியாவுக்கு வந்தது. கொரியாவுக்குப் போனதும் அதற்குப் பிறகுதான். இரவல் மிளகாயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சமைக்கிறோம். இதில் எது உசத்தி, எது மட்டம்?

அந்தக் கடையில் சோற்றைச் சுற்றித் தின்னக் கறுப்பாக ஒரு தாள் கொடுத்தார்கள். 'கிம்' என்று பெயர். அதுவும் கடல்பாசிதான். நம் மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள் இருக்கின்றன. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் பெண்கள் மூச்சடக்கி முங்கிப் பாசி எடுக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயர் கஞ்சிப்பாசி. பேரிலேயே கஞ்சி இருக்கிறது! கொரியாவின் ஜேஜு தீவிலும் பெண்கள் இப்படித்தான் முங்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கிறார்கள். 'ஹேன்யோ' என்று பெயர். 2016இல் அவர்களையும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நம் பக்கமும் பெருமை உண்டு. பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் லட்சுமி மூர்த்தி என்பவர் 2015இல் அமெரிக்க அமைப்பு ஒன்று வழங்கும் சீகாலஜி விருதைப் பெற்றார். கொரியப் பாட்டுக்காரர்கள் ஏழு பேர் பெயரையும் வரிசையாகச் சொல்லும் நமக்கு, இவர் ஒருவர் பெயர் தெரியுமா? சொல்லுங்கள் பார்ப்போம்!

சிலர் கேட்கலாம்: "எனக்கு அந்த வாடை நிஜமாகவே குமட்டுது. நான் என்ன செய்ய?" நியாயமான கேள்விதான். எல்லார் வீட்டிலும் மீன் சமைப்பதில்லை. சைவக்காரர்களும் நம்மோடு படிக்கிறார்கள். பிடிக்காதவர்கள் தின்ன வேண்டாம், தள்ளி உட்காரலாம். தள்ளி உட்காருவது வேறு, மூக்கைப் பொத்திச் சிரிப்பது வேறு. முன்னது வயிற்றுக்காகச் செய்வது. பின்னது இன்னொருவரை மட்டம் தட்டச் செய்வது. கருவாட்டைச் சிரித்தால் கருவாட்டோடு நிற்காது. அதை ஆய்ந்து உப்புப் போட்டுக் காயவைத்த ஆச்சியையும், வலை இழுத்த அப்பாவையும் சேர்த்துத்தான் சிரிக்கிறோம். நம் ஊரில் எத்தனை வீட்டுப் பள்ளிச் செலவு மீனில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

"சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, இதைப் போய்ப் பெரிசாக்கணுமா?" என்றும் கேட்கலாம். பெரியவர்கள் ஆன பிறகு இது விளையாட்டாக இருப்பதில்லை. டெல்லியில் படிக்கப் போகும் நாகாலாந்து, மணிப்பூர் மாணவர்களுக்குச் சமையல் வாடையைச் சொல்லி வாடகை வீடு மறுக்கிறார்கள். 2007இல் டெல்லி போலீஸ் வடகிழக்கு மாணவர்களுக்குப் போட்ட அறிவுரைப் புத்தகத்திலேயே, வாடை வீசும் பதார்த்தங்களை அக்கம்பக்கத்தில் பிரச்சினை வராமல் சமைக்கச் சொல்லியிருந்தது. 2019இல் 'ஆக்ஸோன்' என்று இதை வைத்தே ஒரு சினிமாவும் வந்தது. நாளைக்கு நாமும் படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போவோம். அங்கே நம் டப்பாவைப் பார்த்து யாராவது மூக்கைப் பொத்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆகவே என் கருத்து இதுதான். கொரியக் கடையில் எனக்குப் பிடித்தது அவர்கள் காரமோ குச்சியோ இல்லை. நெத்திலியையும் பாசியையும் நடு மேசையில் வைத்து, வந்தவருக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறார்களே, அந்தத் தைரியம். அதை விட்டுவிட்டு நூடுல்ஸை மட்டும் காப்பியடித்தால் என்ன பிரயோஜனம்?

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். மதியம் வேப்பமரத்தடியில் ஒரு பக்கத்தை மீன், கருவாடு கொண்டுவருபவர்களுக்கு ஒதுக்கிக் கொடுங்கள். விருப்பப்பட்டவர்கள் டப்பாக்களை நடுவில் வைத்துப் பங்கு போட்டுச் சாப்பிடட்டும். சாப்பிட்ட இடத்தைக் கழுவிவிடுவது எங்கள் பொறுப்பு. தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவை மூடாதீங்க. அடுத்த வெள்ளிக்கிழமை நான் மாசிச் சம்பல் கொண்டுவருகிறேன். காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடி வைக்கமுடியாது, அதனால் சீக்கிரம் வாங்க!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி