'செய்யலாம்' என்னும் ஒரு சொல்

மாத்தளை மாவட்டத்துப் பிரதேச சபை ஒன்றின் வரவு செலவுத் திட்டத்தை நண்பர் ஒருவர் எனக்கு அனுப்பிவைத்திருந்தார். எந்தச் சபை என்பதை இங்கு சொல்லப்போவதில்லை. ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தாம் தப்பிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். வீதிகள், வடிகால்கள், வாராந்தச் சந்தை, மயானம், வாசிகசாலை என்று பக்கம் பக்கமாகக் கணக்கு எழுதியிருந்தார்கள். அந்தச் சபையின் வாக்காளர் பட்டியலில் தோட்ட மக்கள் இருக்கிறார்கள். செலவுப் பட்டியலில் அவர்களைத் தேடினேன். தோட்டப் பிரிவு என்று தனியாக ஒரு தலைப்புக்கூட அதில் இல்லை.

செய்தித்தாள் தொழிலில் இருந்த காலத்தில் இத்தகைய சபைக் கூட்டங்கள் பலவற்றில் பத்திரிகையாளர் வாங்கில் அமர்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். தோட்டத்துப் பாதையைப் பற்றி உறுப்பினர் ஒருவர் எழுந்து கேட்பார். "அது கம்பனிக்குரிய இடம், சட்டம் இடம்தராது" என்று பதில் வரும். கேட்டவர் அமர்ந்துவிடுவார். அன்று அந்தப் பதிலில் சட்டப்படி உண்மை இருந்தது. இன்று இல்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் தமிழகத்திலும் இருந்து வாசிக்கும் அன்பர்களுக்குச் சிறு விளக்கம். பிரதேச சபை என்பது இலங்கையில் கிராமப்புறங்களுக்கான உள்ளூராட்சி மன்றம். உள்ளூர் வீதி, வீதி விளக்கு, கிணறு, குப்பை, பொதுச் சுகாதாரம், வாசிகசாலை, முன்பள்ளி ஆகியவை அதன் கடமைக்குள் வருவன. மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, தம்புள்ளை ஆகிய இரு மாநகர சபைகளும், உக்குவளை, இரத்தோட்டை, யட்டவத்தை, நாவுல, அம்பன்கங்கை கோறளை முதலிய பதினொரு பிரதேச சபைகளும் உள்ளன. தேயிலையும் இறப்பரும் வாசனைத் திரவியங்களும் விளையும் அந்த மலைச்சரிவுகளின் லயன்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள்.

மலையகத்தின் தலைவாசலே மாத்தளைதான். கோப்பிக் காலத்தில் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் உறவுகளைப் பறிகொடுத்து வந்தவர்கள் முதலில் கண்ட மலைநாட்டு ஊர் அது. அந்த நடையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. மண்ணும் முகவரியும் உரிமையும் கேட்டு அங்கே உரையாற்றினார்கள். அதே மாதத்தில், அதே மாத்தளையில், எல்கடுவ ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பம் ஒன்றின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி ஒருவர் உடைத்தெறிந்த காட்சியை உலகெங்கும் உள்ள தமிழர்கள் காணொளியில் கண்டார்கள். அந்தத் தோட்டத்தை நடத்தியது தனியார் முதலாளி அல்ல. அரசுக்குச் சொந்தமான கம்பனி.

ஆத்திரத்தைக் கிளறுவதற்காக இதை நினைவூட்டவில்லை. 'தோட்டம் தனியார் நிலம்' என்ற வாதத்தின் பொய் இங்கேதான் வெளிப்படுகிறது. 1972இலும் 1975இலும் நிறைவேற்றப்பட்ட காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்குப் போனது நிர்வாகமும் குத்தகையும்தான். நிலம் இன்றும் அரசினுடையது. அரசின் நிலத்தில், அரசின் பிரசைகள் வாழும் இடத்துக்கு, அரசின் உள்ளூராட்சி மன்றம் ஒரு விளக்கைப் போட முடியாது என்பது என்ன நியாயம்?

இதன் வேர் பழையது. பிரித்தானியர் ஆட்சியில், 1930களின் பிற்பகுதியில் கிராமசபைச் சட்டம் திருத்தப்பட்டபோதே தோட்டத்தில் குடியிருந்த இந்தியத் தொழிலாளருக்குக் கிராமசபை வாக்கு மறுக்கப்பட்டது. சுதந்திரம் வந்தபின் 1948இல் குடியுரிமை பறிபோனது. தொடர்ந்து வாக்குரிமையும் போனது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மக்களைத் தலை எண்ணிப் பங்கிட்டது. 1988, 2003 ஆண்டுச் சட்டங்கள் வந்த பின்னரே நாடற்றோர் என்ற பழி நீங்கிற்று. இடையில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தது. அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைக் கொண்டு வீதியும் கிணறும் பொது வசதியும் செய்து கொடுக்கும் அதிகாரத்தைத் தோட்டங்களின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். அவர்களின் பிரதிநிதிகள் உறுப்பினரானார்கள். சில சபைகளில் தவிசாளராகவும் அமர்ந்தார்கள். ஆயினும் தமக்கு வாக்களித்தவரின் வாசலுக்கு ஒரு கூடைச் சரளைக்கல் போடச் சட்டம் அவர்களை விடவில்லை.

அந்தத் தடை 2018இல் நீக்கப்பட்டது. தோட்ட நிர்வாகத்துடன் கலந்தாலோசித்து, பிரதேச சபை தன் நிதியிலிருந்து தோட்டக் குடியிருப்பாளருக்கு வீதி, கிணறு, பிற பொது வசதிகளைச் செய்து கொடுக்கலாம் என்று 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. வெற்றி என்று கொண்டாடினோம். கொண்டாட்ட ஆரவாரத்தில் அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நம்மில் பலர் கவனிக்கத் தவறினோம். 'செய்யலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'செய்தல் வேண்டும்' என்று சொல்லவில்லை. போதாக்குறைக்கு, கலந்தாலோசனை என்ற பெயரில் துரையின் தலையசைப்புக்காகக் காத்திருக்கும் வழக்கமும் தொடர்கிறது.

விரும்பினால் செய்யலாம் என்று விட்டால் விரும்பாதவர் செய்யமாட்டார். அதன்பின் நடந்ததோ இன்னும் மோசம். 2018 பெப்ரவரியில் தெரிவான உறுப்பினர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தல் நிதியில்லை என்று ஒத்திவைக்கப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளில் கேட்க ஆளில்லை, அதிகாரிகளே ஆண்டார்கள்.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். மாத்தளை மாவட்டம் இந்நாட்டுக்குத் தூய மின்சாரம் தரும் மாவட்டம். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே வந்து உக்குவளை மின்நிலையத்தின் சுழலிகளை 1976 முதல் சுழற்றுகிறது. அந்த நீரே பின்னர் போவத்தன்னையிலும் மின் தருகிறது. இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 மெகாவாட். மொரகஹகந்தையில் மேலும் 25 மெகாவாட். கரிப்புகை இல்லாத மின்சாரம் பற்றி உலகம் இன்று பேசுகிறது. அந்த மலைகளோ அரை நூற்றாண்டாக அதைக் கொடுத்துவருகின்றன. ஆனால் உக்குவளைக்கும் இரத்தோட்டைக்கும் மேலே உள்ள தோட்டங்களில், அதிகாலையில் பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் தாய் கையில் டோர்ச்சுடன் நடக்கிறாள். விளக்குக் கம்பம் பிரதான வீதியோடு நின்றுவிடுகிறது.

2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது அரசின் இலக்கு. 2016இல் தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டம் வீட்டுக்காரரையே மின் உற்பத்தியாளர் ஆக்குகிறது. நல்ல திட்டம். ஆனால் அதற்குச் சொந்தக் கூரை வேண்டும். லயன் காம்பிராவின் கூரை யாருடையது? தகரத்தை மாற்றவே நிர்வாகத்தின் அனுமதி கேட்கும் குடும்பம் அதன்மேல் சூரியத் தகட்டை எப்படிப் பொருத்தும்? 2022 ஆகஸ்டில் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறியபோது, கூரை உள்ளவர் சூரியனிடம் போனார். கூரை இல்லாதவர் குப்பி விளக்கை நினைத்துப் பார்த்தார். காணியுரிமை தராமல் பசுமை பேசுவது, வசதியுள்ளவருக்கு மட்டும் வெயில் காய்வது போன்றது.

இங்கேதான் சபை செய்யத்தக்கது இருக்கிறது. தனிக் குடும்பத்தால் இயலாததைப் பொதுக் கட்டடம் செய்யும். முன்பள்ளி, வாசிகசாலை, சனசமூக நிலையம் ஆகியவற்றின் கூரைகளில் சூரியத் தகடு போடலாம். தோட்டப் பாதையில் சூரிய விளக்குகளை நடலாம். இதற்குப் பெரிய பொறியியல் எதுவும் வேண்டாம். தீர்மானம் ஒன்று வேண்டும்.

பாடசாலைக் கதையும் வேறல்ல. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அவற்றின் முறை வந்தது. அந்தப் பின்தங்கல் இன்னும் முற்றாகத் தீரவில்லை. பாடசாலை நிர்வாகம் பிரதேச சபையின் கையில் இல்லை என்பதை அறிவேன். அதற்குப் பொறுப்பான மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்து, அதன்பின் ஆண்டுகள் ஏழு கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. ஆனால் பாடசாலைக்குப் போகும் பாதையும், அதன் குடிநீரும், முன்பள்ளியும், மாலையில் படிக்க ஒரு வாசிகசாலையும் பிரதேச சபை செய்யக்கூடியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையில் மாத்தளை மலைகள் சரிந்தபோது நாம் ஒன்றைக் கண்டோம். சபையின் பதிவேட்டில் உள்ள வீதி உடைந்தால் அதைத் திருத்த ஒரு பொறுப்பாளர் உண்டு. பதிவேட்டில் இல்லாத தோட்டப் பாதை உடைந்தால் சபை கம்பனியைக் காட்டும். கம்பனி சபையைக் காட்டும். பிள்ளை சேற்றில் நடக்கும்.

சபைகளின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். "தோட்ட மக்கள் ஆதன வரி கட்டுவதில்லை, எங்கள் வருமானம் சிறிது" என்பார்கள். உரிமையில்லாத வீட்டுக்கு வரி எப்படிக் கட்டுவது? வரிச்சீட்டில் எழுதப் பெயரையாவது முதலில் கொடுங்கள். அரிசிக்கு வழி தேடும் குடும்பமும் கடையில் வாங்கும் பல பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 18 வீதம் பெறுமதி சேர் வரி கொடுக்கிறது. சபைகளை இயக்குவதில் பெரும்பங்கு அந்தப் பொதுப் பணத்திலிருந்து வரும் மானியமே. அதை வாங்கும்போது தோட்டத்தாரையும் தலை எண்ணிவிட்டு, செலவிடும்போது மறந்துவிடுவது நேர்மையன்று.

ஆகவே என் கோரிக்கைகள் சில. வரவு செலவுத் திட்டத்தில் தோட்டப் பிரிவுகளுக்கென வாக்காளர் தொகைக்கு ஏற்பத் தனித் தலைப்பு வேண்டும். பாடசாலைக்குச் செல்லும் தோட்டப் பாதைகளைச் சபையின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். அத்திட்டமும் தீர்மானங்களும் தமிழிலும் வெளிவர வேண்டும். நாடாளுமன்றம் 33ஆம் பிரிவின் 'செய்யலாம்' என்பதைச் 'செய்தல் வேண்டும்' என்று மாற்ற வேண்டும்.

அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரசை ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. "2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எங்கள் தோட்டத்துக்கு ஆண்டுவாரியாகச் சபை செலவிட்ட தொகை எவ்வளவு?" என்று ஒரே கேள்வியைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லியாக வேண்டும். பூச்சியம் என்று பதில் வந்தாலும் அது முத்திரை குத்திய பூச்சியம். அடுத்த கூட்டத்தில் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து கேட்கும் உறுப்பினரிடம், சட்டம் இடம்தராது என்று இனி எந்தத் தவிசாளரும் சொல்ல முடியாது.