கண்ணாடி அலமாரிக்குள் தேங்கும் தண்ணீர்

அடுக்குமாடியில் குடியிருக்கும் வாசகர்கள் அண்மைக் காலமாக என்னிடம் அதிகம் கேட்பது கண்ணாடி அலமாரிச் செடிகளைப் பற்றித்தான். பால்கனியில் துணி காய்கிறது, மீதி இடத்தில் ஏர்கோன் பெட்டி நிற்கிறது. அதனால் வரவேற்பறையில் ஓர் அலமாரி, அதற்குள் எல்இடி விளக்கு, உள்ளே பெரணியும் கெலாடியும். பார்க்க அழகுதான். இரண்டு மூன்று மாதம் போனதும், "இலை மஞ்சளாகுது, தண்டு அழுகுது, என்ன உரம் போடலாம்?" என்று கேட்கிறார்கள். உரத்தை எடுத்து வையுங்கள். முதலில் குனிந்து அலமாரியின் அடித்தட்டைப் பாருங்கள்.

போன மாதம் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அண்ணன் மகள் வீட்டில் அப்படித்தான் குனிந்து பார்த்தேன். பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். செகண்ட் ஹேண்டில் ஓர் அலமாரி வாங்கி, தானே விளக்குப் பொருத்தியிருக்கிறாள். அவள் கவலை பெரணியைப் பற்றியதல்ல. கீழ்த்தட்டில் ஒரு வெற்றிலைக் கொடி இருந்தது. பத்து காவானில் பாட்டி வீட்டுக் கொல்லையிலிருந்து ஒடித்து வந்தது. அந்த வீடு இப்போது இல்லை, கொல்லையும் இல்லை. "இது போச்சுன்னா பாட்டி வெத்தலை அவ்வளவுதான், அத்தே" என்றாள்.

அடித்தட்டில் இரண்டு அங்குலத்துக்கு வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, அதன்மேல் தொட்டிகளை வைத்திருந்தாள். தொட்டிகளுக்குள்ளும் அடியில் கூழாங்கல். கல்லை ஒதுக்கினால் விரல் உயரத்துக்குக் கறுத்த தண்ணீர், சாக்கடை வாடை. அடியில் கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று யார் சொன்னார்களோ, ஊரெல்லாம் நம்புகிறது. நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி, படுக்கை வசமாகக் கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை அப்படியே நிமிர்த்திப் பிடியுங்கள். திரும்பவும் தண்ணீர் கொட்டும்! ஸ்பாஞ்சின் நுண்துளைகள் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கின்றன. படுத்திருக்கும்போது முழு ஸ்பாஞ்சும் அந்த உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. தொட்டி மண்ணும் இதே கதைதான். அடியில் ஒரு பகுதி எப்போதும் ஊறியே இருக்கும். கல் போட்டால் அந்த ஊறிய பகுதி ஒழியாது, கல்லுக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். நுண்மண் நிறைந்து வழிந்த பிறகுதான் தண்ணீர் பெரிய கல்லின் இடைவெளிக்குள் இறங்கும்.

அவள் வாரத்துக்கு இரண்டு தடவைதான் தண்ணீர் ஊற்றுகிறாளாம். இவ்வளவு எப்படிச் சேர்ந்தது? இரவில் ஏர்கோன் ஓடுகிறது. கண்ணாடி குளிர்கிறது, உள்ளேயோ ஈரமான காற்று. அது கண்ணாடியில் முத்து முத்தாகக் கோத்து வழிந்து அடித்தட்டில் சேர்கிறது. செடி மூச்சுவிட்ட தண்ணீர் செடியின் காலடிக்கே திரும்புகிறது.

இந்தச் சுழற்சியைக் கவனித்தவர் நாதேனியல் பேக்‌ஷா வார்ட் என்ற லண்டன் மருத்துவர். 1829இல் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு போத்தலில் அடைத்து வைத்தார். மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன, தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்தன. 1833இல் அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் செடிகள் உயிரோடு சிட்னிக்குக் கப்பலில் போயின. 1876இல் லண்டன் கியூ தோட்டத்து ரப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்தது இவ்வகைப் பெட்டிகளில்தான். அடுத்த ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் குடும்பங்கள் பலவற்றை இந்த மண்ணுக்கு இழுத்து வந்த மரத்தின் கதை ஒரு கண்ணாடிப் பெட்டியில் தொடங்குகிறது. அது இருக்கட்டும். வார்ட் பெட்டியை மூடிவிட்டுச் சும்மா இருந்தார். நாம் மூடியும் வைக்கிறோம், வாராவாரம் ஊற்றவும் செய்கிறோம்.

ஆகவே, தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். டெம்பர்டு கண்ணாடியில் துளை போடவே கூடாது, மொத்தமாகச் சிதறிவிடும். அடித்தட்டின் அளவுக்கு ஆழமில்லாத பிளாஸ்டிக் தட்டு ஒன்று வாங்கினோம். அதன் ஒரு மூலையில் துளையிட்டு, ரப்பர் வளையத்தோடு ஒரு குழாய் இணைப்பை மாட்டி, மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபைச் சொருகினோம். எதிர் மூலையின் கீழே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு முட்டு. அதற்குமேல் சாய்வு வேண்டாம், தொட்டி சரியும். டியூபைக் கதவு இடுக்கு வழியாக வெளியே இறக்கி ஒரு போத்தலில் விட்டோம். வழியில் அது எங்கும் மேடு ஏறக்கூடாது. மேட்டில் காற்று அடைத்துக்கொண்டால் தண்ணீர் நின்றுவிடும். போத்தல் மூடியில் காற்றுப் போக இன்னொரு சிறு துளை வேண்டும், அதன்மேல் கொசுவலைத் துண்டு.

அந்த வலையை அலட்சியம் செய்யாதீர்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வீட்டுக்குள் நின்ற நீரில் புழு இருந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் கட்ட நேரும். டிங்கிக் காய்ச்சல் வந்தால் அபராதத்தோடு போகாது.

கூழாங்கல்லை எல்லாம் கழுவிப் பையில் கட்டினோம். தொட்டிகளைக் கம்பித் தட்டின்மேல் தூக்கி வைத்தோம். மண்ணை மாற்றி, தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட், நொறுக்கிய அடுப்புக்கரி கலந்தோம். ஒவ்வொரு தொட்டியின் துளை வழியாகவும் ஒரு பருத்தித் திரியைக் கீழே தொங்கவிட்டோம். அடியில் தங்கும் ஈரத்தை அது இழுத்துச் சொட்டவைக்கும். தரையில் கிடந்த விளக்கு அடாப்டரைச் சுவரில் உயரமாக மாட்டினோம். மேலே ஒரு சின்ன விசிறி, கண்ணாடியில் நீர் கோக்காமலிருக்க.

தண்ணீர்மலை அடிவாரத்தில், 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவுக்குப் போனால் ஓடையோரப் பெரணிகளைப் பாருங்கள். நாள் முழுக்க நனைந்துகொண்டே இருக்கும். ஆனால் சரிவில், ஓடும் நீரில்.

வெற்றிலைக் கொடியின் வேர் பாதி கறுத்துக் கொழகொழத்திருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, கெட்டியாக இருந்த மூன்று கணுக்களை மட்டும் புதுக்கலவையில் தனித்தனியாகப் பதித்தோம். ஒன்று வாடிவிட்டது. மற்ற இரண்டில் துளிர் வந்திருப்பதாக நேற்றுப் படம் அனுப்பியிருந்தாள். போத்தலில் சேரும் தண்ணீரைத் திரும்ப அதே தொட்டிகளில் ஊற்றலாமா என்றும் கேட்டிருந்தாள். வேண்டாம் என்றேன், அதில் உர உப்பு சேர்ந்திருக்கும்.