குறட்டைக்குச் சாட்சி

குறட்டை விட்டால் நிம்மதியான தூக்கம் என்று நம் வீடுகளில் இன்னும் நம்புகிறோம். பிரெஞ்சுப் பள்ளியில் 'ரோன்ஃப்ளே' என்ற சொல் வந்தபோது எங்களுக்கும் சிரிப்புதான் வந்தது.

அதே பிரெஞ்சு பேசும் லொசான் நகரில் (சுவிட்சர்லாந்து) 40 வயதைத் தாண்டிய 2,121 பேரை அவரவர் வீட்டுத் தூக்கத்திலேயே கருவி பொருத்திச் சோதித்து, 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கும், பெண்களில் நாலில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகவும், மணிக்குப் பதினைந்து முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டது. தடை மிகுந்தவர்களிடம் பிரஷரும் சர்க்கரையும் கூடுதலாக இருந்தன.

ஆகவே, பிரஷர் பார்க்கும் டாக்டர் குறட்டையையும் விசாரிக்க வேண்டும். அதற்குச் சாட்சி துணைவரே. துணையை இழந்து தனியே படுக்கும் நம் வயதினருக்குச் சாட்சி ஏது? பகலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தால், வயதாகிவிட்டது என்று விடாமல், நீங்களே டாக்டரிடம் சொல்லுங்கள்.