மூட்டை தூக்குபவனுக்கு உடற்பயிற்சி உபதேசமா?

திருவொற்றியூரில் ஓர் ஆலை வாசலில் மருத்துவ முகாம் நடந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். சுகர் இருக்கிறது என்றார்கள். கையில் ஒரு நோட்டீசும் கொடுத்தார்கள். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டுமாம், சோற்றைக் குறைக்க வேண்டுமாம், வேளைக்குத் தூங்க வேண்டுமாம், கவலைப்படக் கூடாதாம்! நைட் ஷிப்ட் முடித்து வெளியே வந்த காண்டிராக்ட் தொழிலாளர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் சிரித்துத் தள்ளிவிடக் கூடிய விஷயமல்ல இது, தோழர்களே!

சுகர் பணக்கார வியாதி, உழைக்கிறவனை அது அண்டாது என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். நம் ராயபுரத்திலேயே 1954-ல் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய ஆஸ்பத்திரி பின்னாளில் நீரிழிவுக்கென்றே தனி ஆஸ்பத்திரியானது. அன்று அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். இன்று இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் 15 மாநிலங்களில் 57,117 பேரைச் சோதித்து 2017-ல் கணக்கு வெளியிட்டன. வசதி பெருகிய மாநிலங்களின் நகரங்களில் பணக்காரர்களைவிட ஏழைகளிடமே இந்த வியாதி அதிகம் என்று கண்டார்கள். 2023-ல் வந்த அடுத்த கணக்குப்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் 10 கோடிப் பேருக்கு மேல்.

இத்தனை பேரும் நடக்காத சோம்பேறிகளா?

விஞ்ஞானத்தோடு நமக்குச் சண்டையில்லை. விஞ்ஞானத்தில் பாதியை மறைத்து மீதியை நோட்டீசாக அச்சடிப்பவர்களோடுதான் சண்டை. லண்டன் பஸ் தொழிலாளர்களை ஆராய்ந்து 1953-ல் டாக்டர் மாரிஸ் எழுதினார்: நாள் முழுதும் மாடிப் பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கும் கண்டக்டரைவிட, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவருக்கு மாரடைப்பு அதிகம். உடல் அசைய வேண்டும் என்ற உபதேசத்தின் வேர் அதில் இருக்கிறது. சரி, எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறாரே கண்டெய்னர் லாரி டிரைவர், அவரை உட்கார வைத்தது அவருடைய சோம்பேறித்தனமா?

மூட்டை தூக்குகிறவர் கதை வேறு. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்தார் 1,04,046 பேரைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. ஓய்வு நேரத்தில் ஓடுகிறவர், விளையாடுகிறவர் ஆயுள் கூடுகிறது. வேலையில் மிகக் கடுமையாக உடலை வருத்துகிறவருக்கோ இதய நோய் 35 சதவீதம் அதிகம்! புகை, குடி, வசதி எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் இந்த நிலை. இதை மறுத்து வாதாடும் விஞ்ஞானிகளும் உண்டு, வாதாடட்டும். தன் இஷ்டப்படி அரை மணி ஓடி, பிறகு இளைப்பாறும் உடம்பும், எட்டு மணி பத்து மணி நேரம் மூச்சு வாங்கியபடி சுமக்கும் உடம்பும் ஒன்றல்ல என்பதை நம் முதுகெலும்பு எப்போதோ சொல்லிவிட்டது.

நடக்கச் சொல்கிறார்களே, எந்தக் காற்றில் நடப்பது? சென்னையிலும் டில்லியிலும் 12,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் கவனித்து 2023-ல் வந்த ஆராய்ச்சி, ஒரு கன மீட்டர் காற்றில் நுண்தூசியின் ஆண்டுச் சராசரி 10 மைக்ரோகிராம் கூடினால் சுகர் வரும் அபாயம் 22 சதவீதம் கூடுகிறது என்கிறது. புகைபோக்கிக்கும் கரித்தூசிக்கும் நடுவே குடியிருப்பவனிடம் காலை நடை பற்றி உபதேசம்! புகைபோக்கிக்கு ஏன் ஒரு நோட்டீஸ் ஒட்டவில்லை?

சோற்று விஷயத்துக்கு வருவோம். நாம் உண்பதில் 62 சதவீதச் சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது, புரதம் 12 சதவீதம்தான் என்று 2025-ல் அதே ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னார்கள். அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினால் மட்டும் பலனில்லை, மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பும் பாலும் வர வேண்டும் என்பதும் அவர்கள் கண்டதே. இதைக் கேட்டவுடன் "இலவச அரிசிதான் ஜனங்களைக் கெடுத்தது" என்று சில கனவான்கள் கிளம்புவார்கள். அரிசி நாம் போராடிப் பெற்றது, அதில் ஒரு பிடி குறைக்க விடமாட்டோம்! ரேஷன் கடையில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு கிராம். குழம்பில் பருப்பைத் தேட வேண்டியதுதான்.

வயலில் நாற்று நடும் தாய்மாருக்கும் இதில் பங்குண்டு. புனே அருகே ஆறு கிராமங்களில் டாக்டர் யாக்னிக் குழுவினர் கர்ப்பிணிகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்தின் சவுதாம்டன் நகரில் குழந்தை மூன்றரை கிலோ பிறக்கிறது, இங்கே இரண்டே முக்கால் கிலோ கூட இல்லை. எடை குறைந்தாலும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்தது. பின்னாளில் சுகருக்கு வழிவிடும் உடம்பு அது. கர்ப்ப காலத்தில் அதிகம் உழைத்த தாயின் குழந்தை இன்னும் சிறியது என்றும் கண்டார்கள். ஆலைப் பெண்ணுக்குச் சட்டத்தில் 26 வாரச் சம்பள விடுப்பு எழுதியிருக்கிறது. களை பறிக்கும் பெண்ணுக்கு எத்தனை வாரம்? பிறக்கும் முன்பே வியாதி வாங்கிவந்த அந்தப் பிள்ளைதான் பிழைப்பு தேடி நம் பக்கம் வந்து மூட்டை தூக்குகிறான். அவன் கையிலும் அதே நோட்டீஸ்!

2023 ஏப்ரல் 21-ல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சென்னை சட்டசபையில் நிறைவேறியதை மறந்துவிடவில்லை நாம். சங்கங்கள் எல்லாம் கிளர்ந்தெழுந்தன. மே தினத்தன்றே சர்க்கார் அதை வாபஸ் வாங்கியது. சுகருக்கு எதிராக இந்தத் தொழிலாளி வர்க்கம் செய்த பெரிய வைத்தியம் அதுதான் என்று நாம் சொல்வோம்.

அடுத்த முகாம் வரும்போது ரத்தம் கொடுங்கள், மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். அதில் வீம்பு வேண்டாம். ஆனால் சீட்டில் சுகர் அளவை எழுதும் டாக்டரிடம், பக்கத்திலேயே இன்னும் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எத்தனை மணி நேர வேலை, வாரத்துக்கு எத்தனை நைட் ஷிப்ட், காண்டீனில் என்ன சாப்பாடு. அந்தச் சீட்டுகளைச் சங்க ஆபீசில் சேருங்கள். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தை மேஜைமீது அவற்றை வைப்போம்.