டென்னிஸ் ஆடாத முழங்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிற ஜென்மம். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு முழங்கைகள் மக்கர் பண்ணியதால் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நாலு வருஷம் முன்னால் போபாலுக்கு டிரான்ஸ்ஃபர். பெட்டி, கிரைண்டர் எல்லாம் நானே தூக்கினேன் (கூலி மிச்சமாம்!). பத்தே நாளில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டீ டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்றார். கேரம் தவிர வேறு எதுவும் ஆடியறியாதவன் நான்.

பெயர்தான் தப்பு. முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலே ஹ்யூமரஸ், கீழே அல்னாவும் ரேடியஸும். ஹ்யூமரஸும் அல்னாவும் கதவுக் கீல் மாதிரி, மடக்கலாம், நீட்டலாம். ரேடியஸ் அல்னாவைச் சுற்றி உருளுவதால்தான் உள்ளங்கையைத் திருப்பிச் சாவி போட முடிகிறது. எனக்கு வலித்தது இந்த மூட்டே இல்லை. மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டிலிருந்துதான் புறப்படுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடித்தாலே, மணிக்கட்டு மடங்காமலிருக்க அவை இழுத்துப் பிடித்தாக வேண்டும். ஓயாமல் இழுத்தால் அந்த இடத்தில் தசைநாண் நைந்துபோகும். இட்லி மாவுப் பாத்திரத்தை விளிம்பைப் பிடித்துத் தூக்குவது, துணி பிழிவது, தேங்காய் துருவுவது... இதை 'சமையலறை எல்போ' என்றே சொல்லலாம்.

நான் அவசரக்குடுக்கை. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டேன். ஒரே வாரத்தில் ஜோர்! மூன்றாம் மாதம் வலி திரும்பி வந்து, அடுத்த தீபாவளி வரை போகவில்லை. 2006-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வைப் பிறகுதான் படித்தேன். ஆறு வாரத்தில் ஊசி போட்டவர்கள்தான் முன்னணி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சும்மா பொறுத்திருந்தவர்களைவிடப் பின்தங்கிவிட்டார்கள். குறுகிய காலக் கடனை வாங்கிவிட்டு வட்டி கட்டுகிற கதைதான்.

வெட்கக்கேடு இனிமேல்தான். போன வருஷம் தங்கமணிக்கு அதே இடத்தில் வலி. எனக்கு வந்தபோது ஆர்த்தோ டாக்டர், மெடிக்கல் லீவு, வெந்நீர் ஒத்தடம் என்று அமர்க்களம். அவளிடம் நான் சொன்னது, "தைலம் தடவிக்கோ, சரியாயிடும்." ஆறு மாதம் அந்தக் கையோடுதான் நாலு பேருக்கும் சமைத்தாள். ஊர் விட்டு வந்த வீடுகளில் மாற்றுக்கு அம்மாவோ நாத்தனாரோ கிடையாது. ஆகவே அந்தக் கைக்கு லீவே இல்லை. இந்த நோய்க்கு முதல் மருந்தே வேலையைக் குறைப்பதுதான் என்னும்போது, தைலம் என்ன செய்யும்?

கடைசியில் பிசியோதெரபிஸ்ட் சொன்னது ரொம்ப எளிது. முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். பாத்திரத்தை அடியில் இரு கையும் கொடுத்துத் தூக்க வேண்டும். அவசரமில்லை, மாதக்கணக்காகும். (மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் அது வேறு கேஸ், நரம்பு சம்பந்தப்பட்டது. உடனே காட்டுங்கள்.)

இப்போது தேங்காய் துருவுவது அடியேன். ஓட்டையும் சேர்த்துத் துருவுகிறேனாம். சட்னி பழுப்பாக இருக்கிறது என்று பையன் சொல்கிறான்.