பானட் ஒன்று, எடை மூன்று



பழைய கார் வைத்துப் பராமரிக்கும் பிள்ளைகள் உங்களில் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். யாரிடம் பேசினாலும் ஒரே புலம்பல்தான். "சார், சாமான் எப்படியோ கிடைச்சிடுது. அதைக் கொண்டுவர எவ்வளவு ஆகும்னுதான் ஒருத்தராலும் சொல்ல முடியல." வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்குப் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். கணக்கு வாத்தியார் எழுதுவதால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். இத்தாலிக்காரர் மிச்சலோட்டி வடிவமைத்து, 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் 1961 முதல் நம் சென்னையில் இந்தப் பெயரில் தயாரானது. அதன் பானட் வெறும் மூடி அல்ல. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்த ஒரே பாகம். கீல் முன்பக்கம் இருப்பதால், காரின் முகத்தையே தூக்கித் திறப்பது போல இருக்கும். மெக்கானிக்குக்கு அது பெரிய வசதி. பார்சல் அனுப்புகிறவருக்குத்தான் தலைவலி.

அதற்கு மரச்சட்டம் அடித்தால் பெட்டி 160 × 140 × 70 செ.மீ. வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 15,68,000 கன செ.மீ. தராசில் 70 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டணம் அந்த 70 கிலோவுக்கு இல்லை. விமானக் கூரியரில் கன அளவை 5000ஆல் வகுப்பது வழக்கம். அப்படிப் பார்த்தால் 314 கிலோ. லாரி பார்சலில் கன அடிக் கணக்கு. நம் பெட்டி 55.4 கன அடி. கன அடிக்கு 6 கிலோ போடும் இடத்தில் 332 கிலோ. 10 கிலோ போடும் இடத்தில் 554 கிலோ. பெட்டி ஒன்றுதான், எடை மட்டும் மூன்று. இதில் தச்சர் ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. கூட்டிச் சட்டம் அடித்துவிட்டால், கூரியர் கணக்கில் 314 என்பது 408 ஆகிவிடும்.

கன அளவுக்குக் காசு வாங்குவதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. பஞ்சு ஏற்றிய லாரி எடையால் நிரம்புவதில்லை, இடத்தால்தான் நிரம்புகிறது. பானட் மேல் வேறு மூட்டையை வைக்கவும் முடியாது. அடைத்த இடத்துக்கு அவர்கள் காசு கேட்பது நியாயம்தான். கட்டணம் அதிகம் என்பதும் என் குறையில்லை. எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லாததுதான் குறை.

என் மாணவர் ஒருவர் தன் அப்பாவின் ஹெரால்டுக்குக் கோவையில் ஒரு பானட் வாங்கினார். போனில் கேட்டபோது, "ஆயிரத்து ஐந்நூறுக்குள்ள வரும் சார்" என்றார்கள். சாமான் ஊருக்கு வந்த பிறகு கேட்டது 5,860 ரூபாய். கன அடிக் கணக்கு, ஏற்றுகூலி, இறக்குகூலி, டீசல் சர்சார்ஜ், ஊர் எல்லைக்கு வெளியே டெலிவரி, அதன் மேல் ஜி.எஸ்.டி. எடுக்காமல் விட்டால் நாள் கணக்கில் டெமரேஜ். ஆட்டோவில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்றால் சண்டை போடுகிறோம். இங்கே சாமான் அவர்கள் குடோனில் இருப்பதால் வாய் திறக்க முடிவதில்லை.

இதனால் நஷ்டம் வாங்குகிறவருக்கு மட்டும் இல்லை. ஆயுள் முழுக்க இந்தக் கார்களைப் பார்த்த மெக்கானிக்குகளின் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. அங்கே கிடக்கும் கதவு, பானட், சேஸிஸ் எல்லாம் இனிப் புதிதாக வரப்போவதில்லை. அம்பாசிடர் உற்பத்தியே 2014இல் நின்றுவிட்டது. வாங்க ஆள் இருந்தும், வண்டிச் செலவு தெரியாமல் அவர் தயங்கும் ஒரு வாரத்தில் அந்தச் சாமான் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. விற்கிறவருக்குக் கிடைப்பது இரும்பு விலை. கார்க்காரருக்கு ஒன்றும் இல்லை. அதைத் தட்டி ஒட்டிப் பொருத்தியிருக்க வேண்டிய டிங்கருக்கு வேலையும் இல்லை.

"அனுப்புகிறவர்கள் அளவைத் தப்பாகச் சொல்கிறார்கள்" என்கிறார்கள் பார்சல்காரர்கள். உண்மைதான். அப்படியானால் புக்கிங் செய்யும்போது நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள். அளந்த பிறகு டெலிவரி வரை எல்லாம் சேர்த்து ஒரே தொகையை ரசீதில் எழுதுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள். ரயில்வேயில் பெரிய சாமானுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு, ஆனால் விகிதம் அச்சில் இருக்கிறது. தனியார் லாரிக்கும் அந்த வெளிப்படைத்தன்மையைச் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டி கட்டி முடித்த பிறகு வெளி அளவை எடுங்கள். கன அடிக்கு எத்தனை கிலோ என்று முதலில் கேளுங்கள். மொத்தத் தொகையை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். சாமானின் மதிப்பை ரசீதில் குறிப்பிடுங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இன் கீழ் வந்த விதிகளின்படி, அதிக மதிப்பைத் தனியாக அறிவிக்காவிட்டால் இழப்பீடு கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலிருந்து இந்த மாதிரிப் பாகம் வாங்கி அனுப்பும்போது கப்பல் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். சென்னைத் துறைமுகச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, கப்பல் கட்டணமும் இன்சூரன்சும் சேர்ந்த தொகைக்குப் போடுவார்கள். கட்டணம் ஏறினால் வரியும் ஏறும்.

உங்களில் லாரி, பார்சல் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் பக்கத்துக் கணக்கையும் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.